நான் அழித்த கேள்விக்குறி

என் அன்புப் புனிதா,

நிறுத்து என்று சொன்ன பிறகு, அதற்கு முன்பே கிளம்பிவிட்ட ஓர் அழைப்பு வந்து சேருமா, சேராதா? எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாகத் தேடிவிட்டேன். நீ இருந்திருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தெரியாது என்றே நீ எழுதிவைத்திருப்பாய்.

உன் அண்ணன் நலம். உன் கணினி இப்போது சிதம்பரத்தில், என் மேசையில் இருக்கிறது.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் நிரல் ஒன்றை நாம் இருவரும் எழுதினோம். பேசுகிற வேலையை யாரோ சி என்ற கணினி மொழியில் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், அது செய்தது. அதை, பைத்தான் மொழியில் நாம் எழுதிய நிரலோடு இணைப்பது நம் பாடு. "படித்து முடித்ததும் இதைக் கூப்பிடு" என்று ஒரு ஃபங்ஷனை, அதாவது நம் நிரலின் ஒரு சிறு துண்டை, லைப்ரரியிடம் கொடுப்போம். போன் நம்பர் கொடுத்துவிட்டு வருவது போலத்தான். ஆனால் தன் பக்கத்தில் யாரும் பிடித்து வைத்திருக்காத எதையும் பைத்தான் நினைவகத்திலிருந்து துடைத்துவிடும். லைப்ரரிக்கு அது தெரியாது. பழைய நம்பரையே கூப்பிடும். உன் அண்ணன் மாதம் ஒரு சிம் மாற்றியபோது நாம் அவரைத் தேடி அலைந்த கதைதான். இங்கே நிரலே விழுந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனையும் எதுவரை பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று நம் கையேட்டில் நீ ஓர் அட்டவணை போட்டாய். பேச்சு முடிந்ததைச் சொல்லும் ஃபங்ஷனுக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி.

"கேள்விக்குறியோட வெளிய விட்டா யாரு நம்புவாங்க புனிதா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு போடுறதுல என்ன அண்ணி? பேசுன்னு நாம குடுக்குற கட்டளை, பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடுதோன்னு சந்தேகமா இருக்கு."

"எத்தன தடவ ஓட்டிப் பாத்துட்டேன். ஓடுதே."

"ஓடுறது வேற, சரியா இருக்கறது வேற. காலேஜ்ல இத நீங்கதான சொல்லித் தர்றீங்க? சொந்த புரோகிராம்னா மட்டும் நம்பிக்கை ஜாஸ்தி போல!"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு, 'பேசும் கட்டளை திரும்பும் வரை' என்று எழுதினேன். எதையும் லேசில் நம்பாதவள் என்று பெயரெடுத்தவள் நான். உன்னிடம் சொல்லக்கூட இல்லை. நீ கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா?

மஞ்சக்குப்பத்தில் உன்னிடம் கணினி கற்ற அமலா போன மாதம் போன் செய்தாள். கடலூரில் ஓர் அலுவலகம் அவளுக்கு வேலை தர யோசிக்கிறது. ஒரு மணி நேரம் கடிதங்களைக் கேட்டு, பதில் தட்டிக் காட்ட வேண்டும்.

"சின்ன லெட்டர்னா நல்லா படிக்குது டீச்சர். ரெண்டு பக்கம்னா பாதியில செத்துப்போவுது. அங்க போயி அப்டி ஆச்சுன்னா, கண்ணு தெரியாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்னு அனுப்பிச்சிடுவாங்க."

நான் சோதித்தவை எல்லாம் ஒற்றை வாக்கியங்கள். பைத்தான் துடைத்த இடத்தில் வேறொன்று வந்து உட்காருவதற்குள் அவை முடிந்திருந்தன. உன் சந்தேகம் சரி. பேச்சு முடியும் முன்பே கட்டளை திரும்பி வந்துவிடுகிறது.

பேச்சு முடிந்த செய்தி வரும்வரை ஃபங்ஷனைப் பிடித்து வைத்திருக்கும்படி மாற்றினேன். இரண்டு பக்கக் கடிதம் முழுதும் படித்தது. பிறகுதான் முதலில் கேட்ட கேள்வி வந்தது. அமலா நடுவில் நிறுத்தினால், அந்தச் செய்தி வருமா, வராதா? லைப்ரரியின் மூல நிரல் நம்மிடம் இல்லை. எழுதியவர்களுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. ஆகவே நிரலை மூடும்வரை எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கொஞ்சம் நினைவகம் வீணாகும். ஆகட்டும். 'நிரலை மூடும் வரை' என்று எழுதி, பக்கத்தில் உன் கேள்விக்குறியைத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் நம் கையேட்டின் முதல் பக்கமாக இருக்கும். அழித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும். தெரியாததைத் தெரிந்ததாக இனி எழுத மாட்டேன் புனிதா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை அமலாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். திறந்திருந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு முறை நடுவில் நிறுத்தினாள். ஒரு முறை கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கியது. நிரல் ஒரு மணி நேரமும் விழவில்லை.

"பாத்துட்டுக் கூப்பிடுறோம்மா" என்றார் மேலாளர்.

அமலா எழுந்திருக்கவில்லை. "எதுவரைக்கும் சார் காத்திருக்கறது? தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க, பரவால்ல."

"மேல கையெழுத்து ஆவணும். எப்பன்னு தெரியலம்மா."

"சரி சார். அப்ப நம்பர மாத்தாம வச்சிருக்கேன்."

உன் அண்ணி,
திலகவதி