என் மகள் யாருடைய கட்டுரையைத் திருடினாள் என்று தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சமூகவியல் முதுகலை இறுதியாண்டு மாணவியின் தந்தை,
பூட்டு சாவி பழுதுபார்ப்பவர்,
பேருந்து நிலையப் பின்வாசல்.
(மகளின் பதிவு எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: ஆய்வுக் கட்டுரை – கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு – பறிகொடுத்தவர் யாரென்று தெரியாமை – கண்டறிந்து உதவ வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதை இரண்டு முறை படித்ததால் பதினொன்று என்றும் வைத்துக்கொள்ளலாம். எனவே கீழே உள்ளதில் ஏதேனும் புரியாவிட்டால் குறை என்னுடையதாக இருக்கலாம். ஆனால் இந்த விஷயம் படித்தவர்களுக்கும் புரியவில்லை என்பதுதான் என் கவலை.

1. அடுக்குமாடி வீடுகளில் துணி உலர்த்த இடமில்லாமல் குடும்பங்கள் படும் பாட்டைப் பற்றி என் மகள் ஆய்வுக் கட்டுரை எழுதினாள். மழைக்காலம் முழுவதும் படியேறி, கதவைத் தட்டி, பலரிடம் பேசி எழுதியது. இது ஏற்கப்பட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

2. தங்கள் நூலகத்தின் மாடியில் எழுத்து உதவி மையம் இயங்குகிறது. அங்குள்ள ஆலோசகர் அம்மா, பிறர் சொன்னதை எடுத்தாளும்போது பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் குறிப்பிட வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். மகள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நான் "நாளைக்கு மழை வரும்" என்றால், "யாருப்பா சொன்னது? எப்போ சொன்னாங்க?" என்பாள். நான் டிவியைக் கைகாட்டுவேன். என் மனைவி மட்டும், "நான் சொல்றேன், போதுமா?" என்பாள். அதற்கு மேல் சான்று கேட்கும் துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை.

3. கட்டுரை முடிந்ததும், "சும்மா ஒரு தடவ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துடலாம்மா" என்று ஆலோசகர் அம்மா அதை ஒப்புமைச் சோதனைக்கு அனுப்பினார். நான்கு சதவீதம் மட்டுமே பிற நூல்களோடு ஒத்திருந்தது. அதற்கும் முறைப்படி மேற்கோள் குறி இருந்தது. வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

4. அதே கட்டுரையை, ஒரு எழுத்தும் மாற்றாமல், மகள் துறை அலுவலகத்தில் கொடுத்தாள். அவர்களும் அதே கம்ப்யூட்டரில் போட்டார்கள். இம்முறை தொண்ணூற்றிரண்டு சதவீதம். "இப்பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது" என்று வந்ததாம். கருத்துத் திருட்டு என்று நோட்டீஸ் கொடுத்து, விசாரணைக் குழுவும் அமைத்துவிட்டார்கள். நகல் எடுத்துப் பிழைப்பவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் ஐயா. அதிலும் நான் போடும் மாற்றுச் சாவி பாதி நேரம் திறக்காது. தொண்ணூற்றிரண்டு சதவீதமெல்லாம் எங்கள் வம்சத்துக்கே வராது.

5. அந்த மாணவர் யார் என்று விசாரணைக் குழுவின் எழுத்தரிடம் கேட்டோம். "அது ரகசியம் சார். அவங்ககிட்ட ஒப்புதல் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார். யாரென்று தெரியாதவரிடம் எப்படி வாங்குவது என்று கேட்டதற்கு, "அது உங்க பாடு" என்றார்.

6. ஆலோசகர் அம்மாவிடம் ஓடினோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். முதலில் போட்டதையும் கம்ப்யூட்டர் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் என்றும், அந்த "மாணவர் ஒருவர்" என் மகளாகவே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எழுதித் தரக் கேட்டோம். சேர்த்து வைத்ததைத் திறந்து பார்க்கும் அதிகாரம் குழுவுக்குத்தான் உண்டு என்றார். குழுவில் கேட்டால், போட்டவர்கள்தான் திறக்க வேண்டும் என்கிறார்கள். பூட்டைத் திறப்பதே தொழிலாக இருந்தும் இந்த இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

7. எழுத்தரிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா உங்க பொண்ணே உங்க பொண்ணுக்கு ஒப்புதல் கடிதம் குடுக்கட்டும்" என்றார். கேலியா, விதியா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மகள் தனக்குத்தானே அனுமதி அளித்து ஒரு கடிதம் கொடுத்தாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "அனுமதி அளிப்பவர், பெறுபவர் ஆகியோரின் கையெழுத்துகள் ஒன்றுபோல் உள்ளன. விளக்கம் தேவை" என்று அதன்மேல் எழுதியிருந்தது. அந்த விளக்கத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.

8. இதுவரை நான் சிரித்துக்கொண்டேதான் அலைந்தேன் ஐயா. போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் குறிப்புகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "அப்பா, ஒருவேளை நான் நிஜமாவே எங்கயாவது பாத்து எழுதிட்டு மறந்துட்டேனோ?" என்று கேட்டாள். மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டியவன் நான். அவள் எழுதியது அவளுடையது என்று எனக்குத் தெரியும். அதையே சொன்னேன். "நீங்க அப்பா, அப்படித்தான் சொல்வீங்க. உங்கள சான்றா காட்ட முடியாதுப்பா" என்றாள். அதனால்தான் இந்த மனு.

9. வரும் புதன்கிழமை இறுதி விசாரணை. அதற்குள் தீராவிட்டால் கட்டுரை ரத்து, இந்த ஆண்டுப் பட்டமும் இல்லை என்கிறார்கள். ஆகவே, அதற்கு முன்பாக மையத்தாரையும் குழுவினரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அந்த முதல் கட்டுரையைத் திறந்து, எழுதியவர் யார், சோதனைக்கு அனுப்பியது யார் என்று பார்க்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அது வேறொரு பிள்ளையுடையதாக இருந்தால், நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் மகளுடையதாக இருந்தால், அதை எழுத்தில் தாருங்கள். தேதியும் முத்திரையும் தங்கள் பெயரும் இருக்கட்டும். அப்படி இருந்தால்தான் அவள் நம்புவாள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அவள் பெயருக்கே அனுப்புங்கள். நான் மனு எழுதியது அவளுக்குத் தெரியாது. கடிதம் வந்த பிறகு நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: கடை
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தந்தை