ஹம்பர்க் வாய்க்கால்களில் தண்ணீர் வற்றிய பின்னேரம்

இன்று காலை ஷாஃப்ஹவுசனில், றைன் கரையில், ஒருவர் மரப்படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற அவசரத்திலும் அந்த மணம் என்னை நிறுத்திவிட்டது. ஹம்பர்க்கில் உன் அறைக்குள், உன் வேலை உடுப்பில் நின்ற மணம் அது.

ஒன்றாகத்தான் ஜெர்மனிக்கு வந்தோம். நான் எல்லை தாண்டி சுவிசுக்கு வந்துவிட்டேன். உனக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. பழைய கப்பல்களின் உட்சுவர்களை உடைத்தெடுக்கிற வேலை.

"கப்பல் கட்டுறன் எண்டுதான் வீட்டுக்குச் சொன்னனான் மச்சான். உடைக்கிறன் எண்டு சொல்லேல்லை" என்று சிரித்தாய்.

ஒரே ஒருமுறைதான் உன்னைப் பார்க்க வந்தேன். நகரத்து வாய்க்கால் ஓரமெல்லாம் என்னை நடத்திக்கொண்டு திரிந்தாய். எல்பே ஆற்றில் கடல்நீர் ஏறி, செங்கல் கிடங்குகளின் காலடிவரை நிறைந்து நின்றது. அந்தக் காலத்தில் சரக்குத் தோணிகள் இந்த வழியால்தான் வந்தன என்றாய். மரக்கப்பல் கட்டிய கரைகளை, உன் சொந்தக் காணியைப்போல, கை நீட்டிக் காட்டினாய். பின்னேரம் திரும்பும்போது தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் கிடந்தது. வாய்க்கால்மேல் இருந்த ஒரு சின்னப் பாலத்தில் ஏற, நீ மூச்சு வாங்க மூன்று தரம் நின்றாய்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை. தூசு."

கப்பல் சுவர்களுக்குள் இருந்த அஸ்பெஸ்டஸ் தூள் உன் நுரையீரலில் படிந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னபோது, பட்டறையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் மாடிவீடுகள். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"ஒருக்கா வந்திட்டுப் போறியோ?" என்று தொலைபேசியில் கேட்டாய்.

"ஓம், வாறன். லீவு கிடைக்கட்டும்."

லீவு இருந்தது. உன்னை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்தேன். அதுதான் உண்மை. அடுத்த கிழமை உன் மனைவி தொலைபேசி எடுத்தா. அழவில்லை. "கடைசிவரைக்கும் கதவைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர், அண்ணை" என்றா.

செத்தவீட்டுக்கு வந்தேன். முன்வரிசையில் இடம் விட்டார்கள், நெருங்கிய கூட்டாளி என்று. மன்னிப்புக் கேட்க நினைத்த முகத்தைப் பெட்டிக்குள் மூடிவிட்டிருந்தார்கள்.

இப்போது வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. "போறன்" என்கிறேன். அப்படிச் சொல்லக்கூடாது என்று மனைவி நாள் தவறாமல் ஏசுகிறாள். அவள் ஏசி முடிக்கமுன் படியிறங்கிவிடுகிறேன்.