கால் எடுத்தால் நின்றுவிடும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் சிக்னலில் நின்றுவிட்டது. பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, என் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். கூரையில் ‘பயிற்சி வாகனம்’ என்று பலகை இருப்பதில் ஒரு சௌகரியம்: பழி மாணவர் மேல் போய்விடும். ஓட்டியது ஆசிரியைதான் என்று யாருக்குத் தெரியும்?

ஒரே ஒரு கார், ஒரு டிரைவிங் ஸ்கூல். முதலாளி, ஆசிரியை, வண்டி துடைப்பவள், மூவரும் நானே. வண்டி கார்பரேட்டர் காலத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் உயிரை விட்டுவிடும். அதற்காக ஒரு வித்தை கண்டுபிடித்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிற்கும்போது பாதத்தின் இடப்பாதி பிரேக்கில், வலது ஓரம் ஆக்சிலேட்டரில். ஒரே நேரத்தில் இரண்டு வேலை. பெண்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். அவர்களுக்கு இதென்ன புதுசா?

ஜூன் 5, வியாழன்

என்னிடம் ஓட்டக் கற்கும் தையல்காரிக்கு இருபதாம் தேதி டெஸ்ட். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில், “லைசென்ஸ் எடுத்துட்டு வா, வேன் ஓட்டுற வேலை உனக்குத்தான்” என்றிருக்கிறார்கள். இருபது வரைக்கும்தான் காத்திருப்பார்களாம். “தைச்சுத் தைச்சு முதுகு போச்சுக்கா. இது கிடைச்சா நிமிர்ந்து உக்காருவேன்” என்றாள்.

அவளுக்கு முன்னால் அனுப்பிய இரண்டு பேரும் ஃபெயில். இவளும் போனால் பலகையைக் கழற்றி விறகாக்க வேண்டியதுதான்.

வண்டியை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். மெக்கானிக்கிடம் கேட்டேன். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, அரை மணி நேரம் தன் பெருமையும் அரை நிமிடம் விஷயமும் சொன்னார். எஞ்சின் நன்றாகச் சூடானதும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பு: பெட்ரோல் குறையும், வண்டி தடுமாறும். இடப்பக்கம் திருப்பு: பெட்ரோல் கூடும், மறுபடி தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் எங்கே சத்தம் சீராக இருக்கிறதோ அங்கே விட்டுவிடு.

விட்டேன். பூனை மாதிரி உறுமியது! கால் எடுத்தும் நிற்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் பழைய குருடி கதவைத் திறடி. சிக்னலில் நின்றது.

ஜூன் 9, திங்கள்

மாலையில் சரிசெய்கிறேன், காலையில் கெட்டிருக்கிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர். பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூ தானாகவா திரும்பும்? பேயா?

பேய் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது அகப்பட்டது. என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். மருந்து வாசனை வரவேண்டிய கையில் பெட்ரோல் வாசனை.

“நீங்களா?”

“நீ இடப்பக்கம் திருப்பித் திருப்பி வெச்சா பெட்ரோலை மடக் மடக்னு குடிக்காதா? கொஞ்சம் குறைச்சேன். துளின்னாலும் துளிதானே?”

“லைசென்ஸே எடுக்காத மனுஷனுக்குக் கார்பரேட்டர்ல என்னங்க வேலை!”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். போகட்டும். நான் கத்தியது தப்பா? தப்பில்லை. கொஞ்சம் சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஸ்க்ரூவுக்கு வண்டி சும்மா நிற்கும்போதுதான் அதிகாரமாம். ஓட்டத்தில் பெட்ரோல் போவது உள்ளே இருக்கும் ஜெட் என்ற துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு வழியாக. ஆக, நம்ம ஆள் இத்தனை நாளாகச் சேமித்தது சிக்னலில் மட்டும். அங்கேயும் வண்டி நின்று, நான் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து, சேமித்ததைக் கொட்டியாகிவிட்டது.

பெரிய சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது திக்கித் திக்கிப் போவதற்கு அந்த ஜெட்தான் காரணம். ஓட்டை ஒரு நூல் பெரிதான ஜெட் வாங்கி வந்தேன்.

ஜூன் 14, சனி

நானே மாட்டினேன். பெரிய சாலையில் ஒரே சீராக ஓட்டி, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம்! கருப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. ரோட்டோரத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்க்ரூவையும் சரிசெய்தேன்.

பிளக்கை வீட்டுக்காரரிடம் காட்டினேன். மாத்திரைப் பட்டையில் தேதி பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து இது வந்தால் பட்டம் கொடுத்த மாதிரி.

ஜூன் 17, செவ்வாய்

ஐயோ. இதை நான் யோசிக்கவே இல்லையே!

தையல்காரி சிக்னலில் நிறுத்தினாள். வண்டி தானாகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்க, இவள் பழக்கப்படி கால் ஓரத்தால் வேறு அழுத்தினாள். எஞ்சின் அலறிய அலறலில் ஓரமாக நடந்துபோன ஒரு பெரியவர் பையைக் கீழே போட்டார்.

“காலை எடு, நிக்காது.”

“நின்னுடும்க்கா! நீங்கதானே சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். வண்டியின் நோயைப் பாடமாக வைத்து நடத்தியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அந்த ஓரத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் மொத்தக் காலும் வருகிறது, பிரேக்கும் போகிறது. முன்னால் நின்ற பஸ்ஸை முத்தமிடப் பார்த்தோம். இரண்டு நாளில் எப்படி மாற்றுவேன்?

ஜூன் 19, வியாழன்

வேறு வழியே இல்லை. இருட்டுகிற நேரத்தில் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினேன். தடுமாற ஆரம்பித்தது. பெற்ற பிள்ளையை நானே கிள்ளி அழவைத்தது போல இருந்தது. ஆனால் இந்த வண்டியைத்தான் அவளுக்கு ஓட்டத் தெரியும். நாளை ஒரு நாள் மட்டும் கெட்டுப்போயிரு, தாயே.

ஜூன் 20, வெள்ளி

விடிந்ததும் தையல்காரி வந்து சாவியைத் திருப்பினாள். பூனை உறுமியது.

பார்த்தால், வீட்டுக்காரர் வாசலில் கையைத் துடைத்தபடி நிற்கிறார். “ராத்திரி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், நடுங்கிச்சு. பாவம், நீ அவ்வளவு கஷ்டப்பட்டியேன்னு நான் எந்திரிச்சு சரி பண்ணேன். நீ செய்ற மாதிரியே, சூடாக்கித்தான்.” முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான நாளாகக் கேட்காமல் அவர் செய்த முதல் உதவி. மறுபடி கெடுக்கவும் நேரமில்லை.

டெஸ்டின்போது மேட்டில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வண்டி அலறியது.

“எதுக்கும்மா இந்தக் கத்து கத்துது?”

“காலை எடுத்தா நின்னுடும் சார்.”

“இறங்கு.”

அவரே ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கையையும் காலையும் எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். “இவ்வளவு அருமையா ஓடுது! யாரு டியூன் பண்ணது?” என்று என்னைப் பார்த்தார். வண்டி பாஸ், ஆள் ஃபெயில்.

ஜூன் 21, சனி

பள்ளியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தையல்காரி என் முன்னால் அழவில்லை. “விடுங்கக்கா, மெஷின் இருக்கு” என்றாள். அவள் போனபின் நான்தான் அழுதேன். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை என் பக்கமாகத் தள்ளினார்.

ஜூன் 23, திங்கள்

அவளை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். மறுபடி முதல் பாடத்திலிருந்து. வண்டியை நிறுத்து, வலது காலைப் பிரேக்கில் சும்மா வை. கிளச், கியர் எல்லாம் சுலபம். சும்மா இருக்கச் சொல்லிக் கொடுப்பதற்குள் தாவு தீர்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நான் பின்சீட்டில். லைசென்ஸ் வாங்கிய தையல்காரி என் இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, புது மாணவருக்குப் பாடம் எடுத்தாள். காலை வகுப்புகள் இனி அவளுடையவை.

மாணவர் சிக்னலில் நிறுத்திவிட்டு, ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

“காலை எடுங்கண்ணே. நிக்காது.”

“நின்னுட்டா?”

“நிக்காதுண்ணே. யாரு டியூன் பண்ணதுன்னு தெரியும்ல?”

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார் என் வீட்டுக்காரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மெல்லக் காலை எடுத்தார்.