யாகோப்பு ஐயாவின் மாத்திரை

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் தம்பியும் சுகமாயிருக்க வேண்டும். மட்டக்களப்பில் வெள்ளம் வடிந்துவிட்டதா? நான் நலம். போனில் கதைத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மருந்துக்கடைக் கம்பனிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அதனால் எல்லாக் கிளைகளுக்கும் புதுப் பெயர் வைத்து, கடையின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். முன்பக்கம் முழுக்க ஷாம்பும் முகக்கிரீமும்தான். மருந்தும் நானும் பின்னால்.

குருநகர் யாகோப்பு ஐயா மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வருவார். இம்முறை காணவில்லை. நேற்று அவர் மகள் ஜெசிதா வந்தார்.

"அப்பா ரெண்டுதரம் வந்து பாத்தவர். பழைய பேரைக் காணேல்லை, கடையைப் பூட்டிப்போட்டினம் எண்டு திரும்பிட்டார். இப்ப பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் இழுத்து ஆசுப்பத்திரியிலை கிடக்கிறார்."

"வேற கடையில வாங்கல்லயா?"

"அந்தக் கடைப் பிள்ளைதான் விளங்கப்படுத்தித் தரும் எண்டு ஒரே பிடியா நிண்டவர்."

உங்கள் பழைய சேலை ஒன்றைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள் அம்மா, போர்த்திக்கொள்ள. தோய்க்காமலே அனுப்புங்கள்.

இன்று வேலை முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். கோணிய வாயால், "கடை திறந்திட்டினமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, இண்டைக்குத்தான்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வருகிறது. முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
வினோஜா