அன்று நீங்கள் கேட்காத கேள்வி

அக்கா,

யுத்தம் வந்தபின் கார்பாலிக் சோப்பு கண்ணில் படுவதே அரிது. இன்று மேலமாசி வீதிக் கடையில் ஒரு கட்டி கிடைத்தது. கையில் எடுத்ததும் உங்கள் வாசனை. நீங்கள் காலமாகி வருஷம் ஒன்று போய்விட்டது. ஆனாலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

செல்லூரில் எங்கள் சந்துக்கு நீங்கள் தாய்சேய் சங்கத்து நர்சாக வந்தபோது, பச்சைப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. என் மூத்தவனும் அப்படித்தான் போனான். வீடு வீடாக நின்று சொன்னீர்கள். "பொறந்த பிள்ளைக்குச் சேனை கீனை எதுவும் வேண்டாம். சீனித்தண்ணிய நாக்குல தொட்டு வைக்காதீக. தாய்ப்பால் மட்டும் குடுங்க." எந்தப் பிள்ளைக்கு வயிறு போனாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: "வாயில என்ன வச்சீக?"

உங்களை நம்பி நான் மாமியாரோடு மல்லுக்கு நின்றேன். சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று அவர் அழுதும் பார்த்தார். நான் அசையவில்லை.

மகள் பிறந்தாள். பிரசவம் பார்த்ததும் நீங்கள்தான். "நான் இருக்கேன், நீ தூங்கு" என்றீர்கள். தூங்கினேன்.

சில நாளில் அவளுக்கு வயிறு போகத் தொடங்கியது. ஓடி வந்தீர்கள், தொட்டுப் பார்த்தீர்கள், துணி மாற்றினீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பிள்ளை என் மடியில் அடங்கியபோதும் கேட்கவில்லை. அவளைப் புதைத்துவிட்டு வந்தபின் மாமியாரிடம் நானே கேட்டேன்.

"நீ தூங்கையில, சேனை வைக்க நர்சம்மா கைதான் ராசின்னு நாந்தான் கெஞ்சுனேன். அம்புட்டு ஆசையா வச்சாக" என்றார்.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. தாலி இழந்த உங்களை எந்த வீட்டிலும் நல்ல காரியத்துக்கு முன்னே நிறுத்தியதில்லை. முதன்முதலாகக் கூப்பிட்டது என் வீடு. அதற்கு என் பிள்ளைதானா கிடைத்தாள்? அந்தச் சொட்டுதான் அவளைக் கொண்டுபோனதா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் என்னிடம் மறைத்தீர்கள். அதன்பின் என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் குனிந்த தலை நிமிராமல் போனீர்கள். சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, அக்கா.

இப்போது பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நான் போகிறேன். நீங்கள் சொன்னதையே சொல்கிறேன். பிள்ளைகள் பிழைக்கின்றன, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது மட்டும் பெற்றவள் காதில் என் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன்:

"யாரையும் நம்பிப் பிள்ளைய விட்டுட்டுக் கண்ணசந்துறாத தாயி. என்னையுந்தான்."