வயலின் அத்தி இலை உதிர்க்கிறது

எடியே,

தேநீரோடு இப்போதுதான் உட்கார்ந்தேன். முன்னறையில் தொப்பென்று சத்தம். நீ தொட்டியில் வளர்த்த அந்த வயலின் வடிவ இலைச் செடி, உன் வயலின் அத்தி, இன்னொரு இலையை விட்டுவிட்டது. சாதாரண இலையா அது? சாப்பாட்டுத் தட்டளவு. தேநீரை வைத்துவிட்டு ஓடினேன். ஓடி என்ன செய்ய, திரும்ப ஒட்டவா முடியும்?

உன் செத்தவீட்டுக் காரியங்கள் எல்லாம் முடிந்த கிழமை, உன் மகள் இதைக் காரின் முன் சீட்டில் இருத்தி, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தாள். ஓகூஸ் நகரில் அவள் படிக்கப்போய் இருக்கும் அறையில் வெளிச்சம் போதாதாம். "அன்ரி, நீங்களே வைச்சிருங்கோ. அம்மா ஆசையா வளர்த்தது" என்றாள். கோடைகாலம். இலையெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிக்கொண்டு நின்றது. உன் வீட்டு யன்னலடியிலும் அப்படித்தான் நின்றது, வருடக்கணக்காக, அதே இடுப்பளவு உயரத்தில். "ஏனடி இது வளருதில்லை?" என்று கேட்டால், "அதுவும் என்னை மாதிரிக் கட்டை" என்பாய்.

பிறகு இங்கே கிரின்ஸ்டெட்டில் பனியும் இருட்டுமான காலம் தொடங்கியது. எனக்கு யாழ்ப்பாணத்துக் கை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாள் தவறாமல் தண்ணீர் விட்ட வீட்டில் வளர்ந்தவளுக்குக் காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அரிசி கழுவும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் இதற்கு ஊற்றினேன். மண் புளித்து மணத்தது. சின்னக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பின. யன்னல் குளிருகிறதென்று ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன், இலையோரம் கருகியது. குசினிக்குக் கொண்டுபோனேன். திரும்பவும் முன்னறைக்கு. பூனை குட்டி காவுவதுபோல் காவித் திரிந்தேன்.

நீ சொன்னது நினைவில்லாமல் இல்லை. "பனிக்காலத்திலை அது நித்திரையடி. தண்ணியைக் குறை, வெளிச்சத்திலை விடு, பேந்து கையை வைக்காதை." எவ்வளவு நிச்சயமாகச் சொல்வாய்! நீ கடைசியாகக் கிடந்த எஸ்பியர்க் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். நான் தலையணையைத் தட்டுவேன், கஞ்சியை ஆற்றுவேன், திரைச்சீலையை இழுப்பேன். "எடியே, ஒருக்கா இருந்து என்னோடை கதையன்" என்றாய். இருந்தால் அழுதுவிடுவேன் என்று உனக்கும் தெரியும்.

சனிக்கிழமை உன் மகள் வருவதாகச் செய்தி அனுப்பினாள். தாய் விட்டுப்போன ஒரே உயிர், அதை நான் மொட்டைத் தடியாக்கி வைத்திருக்கிறேன். இலைகளைத் துடைத்தேன். வெறும் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அவள் பார்த்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அன்ரி, அம்மா ஒவ்வொரு வின்ரரும் ஒண்டைச் சாகப் பண்ணுவா. மார்ச் வந்தவுடனை போய் அதே உயரத்திலை புதுசு வாங்குவா. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவா."

கள்ளி! எனக்குப் பாடம் எடுத்த வாயைப் பார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்ல நீ இல்லையே என்று அடுத்த கோபம். நீ எத்தனை மரத்தை மாற்றினாயோ, எல்லாவற்றுக்கும் நான் "வடிவாயிருக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

"நாங்களும் மார்ச்சிலை ஒண்டு வாங்குவமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இதில் இன்னும் சில இலைகள் நிற்கின்றன. தண்ணீரைக் குறைத்துவிட்டேன். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வருகிறேன். பிழைத்தால் பிழைக்கட்டும். செத்தால், செத்துப்போச்சு என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்வேன். உன்னைப் போல் ஒளித்துவைக்க மாட்டேன் என்று மகளுக்கு முன்னால் வீறாப்பாகவும் சொன்னேன்.

நாம் சேர்ந்து வேலை செய்த முதியோர் இல்லத்தில் அந்தக் கடைசி அறைக் கிழவி, நீ தலைவாரிவிட்டால்தான் சாப்பிடுவாளே, அவள் நேற்றும் உன்னைக் கேட்டாள்.

லீவில் நிற்கிறாய் என்றேன்.