சூடான கூழில் கரைத்த பொடி

அன்புள்ள நிர்மலாவுக்கு, உத்தனப்பள்ளியிலிருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், வயிறும் சேர்த்துத்தான். ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் மகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தது நான், உன் அப்பா, உன் அத்தை ருக்மணி, பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, குழந்தை மாதேஸ்வரி, ஐந்தே பேர். யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் எழுதி, இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி வெள்ளையம்மா மகனிடம் சொல்கிறேன். மூன்றாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் புளித்த தயிரை ஊட்டித்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று ருக்மணி உனக்குப் போன் போட்டாள், நீயும் அடுத்த மாதம் வந்து பிள்ளையை உன் மாமியார் வீட்டில் விடப்போவதாகச் சொல்லிவிட்டாய். நடந்ததைக் கேள். தொண்டை வலிக்கு ஓசூர் டாக்டரம்மா ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்திருந்தார், மூன்றாம் நாள்தான் போக்கு தொடங்கியது. உடனே அவரிடமே தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த மருந்து கெட்ட கிருமியோடு வயிற்றிலிருக்கிற நல்ல கிருமியையும் கொன்றுவிடும், சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு, தயிர்மேல் பழி போடாதீங்க என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முக்கியம், அதை நிறுத்தவே கூடாது என்று சொல்லி, கூடவே நல்ல கிருமி இருக்கிற பொடி கொஞ்சம் கொடுத்தார், உதவினாலும் உதவும் என்று.

தப்பு நான் செய்தது இங்கேதான். நம் வீட்டில் நோயாளிப் பிள்ளைக்கு ஆறினது எதையும் கொடுக்க மாட்டோம் இல்லையா, அந்தப் பொடியை ஆவி பறக்கிற ராகிக் கூழில் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆகியும் குறையவில்லை. திரும்பப் போனபோது எப்படிக் கொடுத்தேன் என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஏம்மா, உயிரோட இருக்கற கிருமிய வேக வெச்சு ஊட்டியிருக்கீங்களே, ஆறின தண்ணியில கலக்கணும்மா என்றார். கரைசலை மட்டும் நான் விடாமல் கொடுத்திருந்ததால் பிள்ளை வாடவில்லை. அதற்கப்புறம் ஆறின தண்ணீரில் கொடுத்தோம், இரண்டு நாளில் நின்றது. பொடியால் நின்றதோ தானாக நின்றதோ, அடித்துச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார்.

உன் அப்பா கதை வேறு. நான்கு நாளாக மலச்சிக்கல், வாயைத் திறக்கவில்லை, மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தைத் திருடித் தின்றுவிட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிலருக்கு இது சிக்கலுக்கும் கேட்கும், ஆனால் அதையே நம்பக் கூடாது, தண்ணீரும் கீரையும் நடையும்தான் வேண்டும் என்றார். இப்போது தினமும் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறார். காலையில் கம்பெனி பஸ் போவதற்குள் எனக்கு ஆச்சு என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள்.

என் மனசு நொந்தது ஒன்றுக்குத்தான். நடுவில் ஒருநாள் சாயங்காலம் நான் ஊட்டப் போனபோது குழந்தை என் கையைத் தட்டிவிட்டு, ஆயா கையால தின்னா வயித்தால போகும்னு ருக்மணி ஆயா சொன்னாங்க என்றது. நீ பிறந்த பதினோராம் நாள், இவளுக்குப் பால் பத்தலை என்று என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னவளும் அந்த ருக்மணிதான். நேற்று பிள்ளை தானாகவே வந்து மடியில் உட்கார்ந்து தயிர்சோறு கேட்டது, இரண்டு தடவை வாங்கித் தின்றது. அவளை என்னிடமிருந்து பிரிக்காதே. டாக்டரம்மா நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே கேட்டுக்கொள்.

நீங்கள் இருவரும் நூறு வயசு நோயில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பொடி அங்கே வாங்கினால் சூடானதில் போடாதே.

உன் அம்மா,
மாரம்மா

பின்குறிப்பு: பொடியைத் திருடிய உன் அப்பாவை மன்னித்துவிட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பிய உன்னையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்க மாட்டேன் என்பது ஒருத்தியைத்தான், ருக்மணியை.